பொடக்காலியில் ஓர் ஈஸ்டர் விருந்து!

தீபாவளிப் பட்சணத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்னால் மாவு இடித்தால் போதும். பொங்கலுக்குப் பத்து நாள் முன்னதாக வெள்ளையடித்தால் தீர்ந்தது. ஈஸ்டருக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு முன்பே வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்!

கடையில் வாங்கிச் சமைப்பதானால் இத்தனை முன்யோசனை வேண்டாம்தான். ஆனால், "இந்த வருஷம் விருந்துக்கு வேண்டிய காய், கீரை, முட்டை, கோழி அத்தனையும் நம் பொடக்காலியிலிருந்தே வர வேண்டும்" என்று ஒரு குடும்பத் தலைவி தீர்மானம் செய்துவிட்டாரானால், கணக்கு அப்படித்தான் வருகிறது. வீட்டுக்குப் பின்புறம் இருக்கும் புழக்கடையைத்தான் கொங்கு நாட்டில் பொடக்காலி என்கிறார்கள். நாலு வாழை, ஒரு முருங்கை, கறிவேப்பிலைச் செடி, பாத்திரம் கழுவிய தண்ணீர் பாயும் ஒரு கீரைப் பாத்தி, காலைச் சுற்றிவரும் மூன்று கோழிகள் – பொடக்காலி என்றதும் கண் முன்னால் வருவது இவைதான். பண்டிகைக்கு இது போதுமா? தாராளமாகப் போதும். ஆனால் நாள் கணக்கு மட்டும் பிசகக் கூடாது.

பௌர்ணமியோடு வரும் பண்டிகை

கோயமுத்தூரில் பெரிய கடை வீதிப் பக்கம் போனவர்கள் புனித மைக்கேல் பேராலயத்தைப் பார்க்காமல் வந்திருக்க முடியாது. கோவையிலிருந்து அவிநாசி போகும் சாலையில் உள்ள கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயிலோ அதைவிடப் பழைய சரித்திரம் உள்ளது. 17ஆம் நூற்றாண்டிலேயே இயேசு சபைக் குருமார்கள் வந்து தங்கிய இடம். லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஆடிஸ் பாதிரியார் கோவையில் பணி தொடங்கியது 1830ல். ஆகவே ஈஸ்டர் இந்தச் சீமைக்கு நேற்று வந்த பண்டிகை அல்ல. கத்தோலிக்கர்கள் இதைப் பாஸ்கு என்றும் உயிர்ப்பு ஞாயிறு என்றும் சொல்வார்கள். அதற்கு முந்திய நோன்பு நாட்களை அவர்கள் தவக்காலம் என்பார்கள், சி.எஸ்.ஐ. சபையார் லெந்து காலம் என்பார்கள்.

கிறிஸ்துமஸுக்கு டிசம்பர் 25 என்று ஒரே தேதி. ஈஸ்டருக்கு அப்படி இல்லை. மார்ச் 21ஆம் தேதியன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி கழிந்து, அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் ஈஸ்டர். அதனால் அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். நம் வீட்டுப் பஞ்சாங்கத்தைக் கொண்டே இதைச் சுலபமாக ஞாபகம் வைத்துக் கொள்ளலாம். பழனிக்குக் காவடி போகிற பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டியே வருவதால், பல வருஷங்களில் அதற்கடுத்த ஞாயிறே ஈஸ்டராக அமைந்துவிடுகிறது. 2024ல் உத்திரம் மார்ச் 25, ஈஸ்டர் மார்ச் 31. 2026ல் உத்திரம் ஏப்ரல் 1, ஈஸ்டர் ஏப்ரல் 5. காவடியும் பாஸ்காத் திரியும் ஒரே நிலவின் கணக்கில் வருவது வேடிக்கைதான், அல்லவா?

முட்டைக்கு எப்படி இந்த மரியாதை வந்தது?

மூடிய கல்லறையிலிருந்து கிறிஸ்து உயிர்த்தெழுந்ததற்கு, ஓட்டை உடைத்துக்கொண்டு வெளிவரும் குஞ்சு அடையாளம் என்று சொல்வார்கள். அழகான விளக்கம். ஆனால் இதற்குள் ஒரு சமையலறைக் காரணமும் இருக்கிறது.

கோழி முட்டையிடுவது பகல் வெளிச்சத்தைப் பொறுத்தது. லண்டனில் டிசம்பர் மாதத்துப் பகல் 8 மணி நேரம்கூட இராது. ஜூன் மாதத்தில் 16 மணி நேரத்துக்கு மேல் போகும். ஆகவே அந்தக் காலத்து ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிடும். பிப்ரவரி, மார்ச்சில் பகல் நீள நீள மறுபடி இடத் தொடங்கும். ஆனால் அதே சமயத்தில்தான் நோன்பும் தொடங்கும்! இடைக்காலத்தில் நோன்பு நாட்களில் இறைச்சி மட்டுமல்ல, முட்டையும் பாலும் வெண்ணெயும்கூட விலக்கு. கோழி இட்டுக்கொண்டே இருக்கிறது; வீட்டில் யாரும் தொடக் கூடாது. நாற்பது நாள் முட்டை கூடையில் குவிந்து கிடந்தால் பண்டிகையன்று என்ன செய்வார்கள்? வேகவைத்தார்கள், சாயம் போட்டார்கள், குழந்தைகளுக்கும் ஏழைகளுக்கும் கொடுத்தார்கள். அந்தக் குளிர்ந்த சீமையில் முட்டை அத்தனை நாள் கெடாமலும் இருந்தது.

நம் கோவையில் இந்தக் கதை அப்படியே நடக்காது. இங்கே வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். நம் நாட்டுக்கோழி சூரியனைப் பெரிதாக லட்சியம் செய்வதில்லை. ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இடும். பிறகு இறகைச் சிலிர்த்துக்கொண்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். பங்குனி வெயில் 35 டிகிரியைத் தொடும்போது முட்டையை நாற்பது நாள் சேர்த்து வைப்பதும் நடக்காத காரியம். அப்படிச் சேர்த்தால் பண்டிகையன்று வாசனையே காட்டிக் கொடுத்துவிடும்!

சிறுவாட்டுக் கணக்கு

அப்படியானால் நோன்பு நாளில் இடுகிற முட்டைகளை என்ன செய்வது? இங்கேதான் கொங்கு நாட்டுப் பெண்களின் சாமர்த்தியம் உதவிக்கு வருகிறது.

கோழி வீட்டு அம்மாவின் சொத்து. மாடு, நிலம், பருத்தி விற்ற பணமெல்லாம் ஆண்களின் கணக்கில் போனாலும் முட்டைக் காசு மட்டும் அரிசிப் பானைக்குள்ளோ அஞ்சறைப் பெட்டிக்குள்ளோ போய்விடும். சிறுவாடு என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பேனா, திடீரென்று வந்த காய்ச்சலுக்கு மருந்து, மகளுக்கு ஒரு ஜோடி வளையல் என்று எத்தனையோ குடும்பங்களைத் தாங்கிய காசு அது.

இன்றைய கத்தோலிக்க ஒழுங்கில் தவக்காலத்தில் முட்டைக்குத் தடை இல்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலேயே அது தெளிவாகிவிட்டது. ஆனாலும் ஒருசந்தி இருப்பவர்களில் பலர் தாங்களாகவே முட்டையையும் விட்டுவிடுகிறார்கள். அந்த வீடுகளில், நோன்பின் முதல் ஐந்து வார முட்டைகளை அக்கம்பக்கத்தில் விற்றுவிடலாம். "ஏனுங் அக்கா, நாட்டுக்கோழி முட்டை இருக்குதுங்களா?" என்று கேட்டு வருகிறவர்களுக்கா பஞ்சம்? நாமக்கல் பண்ணை முட்டை மூலைக்கு மூலை கிடைக்கும் ஊரில்கூட நாட்டுக்கோழி முட்டைக்குத் தனி விலை உண்டு. நெய், வெல்லம், முந்திரி, குழந்தைகளுக்கு ஒரு புதுச்சட்டை என்று, பொடக்காலியில் விளையாத சாமான்களை இந்தக் காசே வாங்கித் தந்துவிடும். சீமையில் நோன்பு முட்டையைச் சேர்த்தது. இங்கே நோன்பு காசைச் சேர்க்கிறது!

கடைசிப் பத்து நாளில் கிடைக்கும் முட்டைகளை மட்டும் விருந்துக்கு எடுத்து வையுங்கள். மண் தொட்டியில் ஈர மணல் பரப்பி, அதன்மேல் உமியோ தானியமோ நிறைந்த கிண்ணத்தை வைத்து, கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளை அடுக்கினால் குளிர்ச்சியாக இருக்கும். குளிர்ப்பெட்டி உள்ளவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. சந்தேகமுள்ள முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடியில் படுத்தால் புதிது; செங்குத்தாக நின்றால் பழசு; மிதந்தால் குப்பைக்குழிதான்.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

2027ஆம் ஆண்டை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். ஈஸ்டர் மார்ச் 28. அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

நாட்டுச் சேவல் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ எடைக்கு வர ஐந்தாறு மாதம் பிடிக்கும். எனவே விருந்துக்கான சேவல் 2026 செப்டம்பர் கடைசியில், அதாவது புரட்டாசியில், குஞ்சாக ஓட்டை உடைத்திருக்க வேண்டும். கோழியை அடைக்கு வைப்பது ஆவணி கடைசி! கொங்கு நாட்டில் பெருவிடை, சிறுவிடை என்று இரண்டு தினுசு உண்டு. கறிக்குப் பெருவிடை, முட்டைக்கும் அடைகாக்கவும் சிறுவிடை. இடம் குறைந்த வீட்டுக்குச் சிறுவிடையே சௌகரியம்.

முருங்கைக்கும் செப்டம்பர்தான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989ல் வெளியிட்ட பி.கே.எம்.–1 என்ற செடிமுருங்கையை அந்த மாதம் விதையாக ஊன்றினால் ஆறாம் மாதம் காய்க்கும். பண்டிகைச் சாம்பாருக்குக் காய் சரியாக வந்து சேரும்.

கத்தரி நாற்றைத் தை மாதத்தில் நட்டுவிட வேண்டும். நட்ட ஐம்பத்தைந்து, அறுபது நாளில் முதல் பறிப்பு. வெண்டைக்குத்தான் கணக்கு அற்புதமாகப் பொருந்துகிறது. திருநீற்றுப் புதனுக்கும் ஈஸ்டருக்கும் நடுவே 46 நாள். விதைத்த வெண்டை முதல் காயைக் கொடுக்க ஏறக்குறைய 45 நாள். 2027ல் பிப்ரவரி 10ஆம் தேதி நெற்றியில் சாம்பல் இட்டுக்கொண்டு கோயிலிலிருந்து திரும்பியதும் பாத்தியில் வெண்டை விதையை ஊன்றிவிட்டால், நோன்பு முடிவதும் காய் முற்றுவதற்குள் பறிப்பதும் ஒன்றாக அமையும். வெள்ளரிக்கும் அதே கணக்குத்தான். கீரையோ இன்னும் சுறுசுறுப்பு: மார்ச் முதல் வாரம் தூவினால் இருபத்தைந்து நாளில் பிடுங்கலாம்.

ஒரு ஜாக்கிரதை: கீரைப் பாத்திக்கும் கோழிக்கும் ஜன்மப் பகை. ஐந்தே நிமிஷத்தில் பாத்தியைக் கீறித் துவம்சம் செய்துவிடும். பழைய வலையோ முள்வேலியோ கட்டாயம் வேண்டும். கோழி எச்சம் நல்ல உரம்தான். ஆனால் பச்சையாகப் போட்டால் செடி கருகும். சருகோடு சேர்த்துக் குழியில் மக்கவிட்ட பிறகே போட வேண்டும். மாடி வீட்டில் இருப்பவர்கள் வருந்த வேண்டாம். வெண்டை, கத்தரி, கீரை மூன்றும் தொட்டியில் வளரும். முட்டையை மட்டும் தெரிந்த வீட்டில் வாங்கிக் கொள்ளலாம்.

அவயம் வைக்கும் ஞாயிறு

ஈஸ்டர் காலையில் குழந்தைகள் கூடையைத் திறந்ததும் மஞ்சள் பந்து போல் குஞ்சுகள் எட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும்? அதற்கும் வழி உண்டு. கோழி முட்டை பொரிக்க 21 நாள். ஈஸ்டருக்குச் சரியாக 21 நாள் முன்பு வருவது தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. நோன்புக்கு நடுவே சற்று மகிழ்ந்திருக்கும்படி திருச்சபை வைத்த ஞாயிறு அது. 2027ல் அது மார்ச் 7. அன்று இரவு அவயம் வைத்தால் பண்டிகையை ஒட்டிக் குஞ்சு பொரியும். அரை நாள், ஒரு நாள் முன்பின் ஆனால் கோழியைக் கோபித்துக் கொள்ளாதீர்கள்.

அகலமான கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, ஒரு சிறுவிடைக்குப் பத்து, பன்னிரண்டு முட்டைக்கு மேல் வைக்காதீர்கள். வெயில் காலத்தில் நாலைந்து நாளுக்கு மேற்பட்ட முட்டை அவயத்துக்கு உதவாது. இடி சத்தம் தாக்காமல் இருக்கக் கூடையில் ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் போடுவது நம் பாட்டிமார் வழக்கம். போட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. எட்டாம் நாள் இருட்டறையில் டார்ச் விளக்கின்மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். சிவந்த நரம்பு கிளை விட்டிருந்தால் கரு உண்டு. ஒன்றுமில்லாமல் வெறுமையாகத் தெரிந்தால் அது கூமுட்டை, எடுத்துவிடலாம்.

இங்கே ஒரு தர்மசங்கடம் உண்டு. பன்னிரண்டு முட்டையை அவயத்துக்கு வைத்தால் அந்தக் காசு இல்லை. விருந்துக்கும் அவை இல்லை. அந்தக் கோழியும் குஞ்சுகளோடு சுற்றிக்கொண்டு இரண்டு மூன்று மாதம் முட்டையிடாது. ஒரே முட்டை மூன்று வேலை செய்யாது. மூன்று கோழி உள்ள வீட்டில் ஒன்றை அடைக்கு விட்டு, மற்ற இரண்டின் முட்டையைச் சமையலுக்கும் சிறுவாட்டுக்கும் வைத்துக் கொள்வது நல்ல யோசனை. அடுத்த வருஷத்துக் கோழியும் வேண்டுமல்லவா?

ஒரே வாரத்தில் கூண்டு காலியாகலாம்

இத்தனை கணக்கையும் ஒரு நோய் கவிழ்த்துவிடும். அதுதான் வெள்ளைக் கழிச்சல். 1920களில் இமயமலை அடிவாரத்து ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால் ராணிக்கேத் நோய் என்றும் அதற்குப் பெயர். வெள்ளையாகவும் பச்சையாகவும் கழியும், கோழி தூங்கி வழியும், கழுத்தைத் திருகிக்கொள்ளும், பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் சாயும். வந்தபின் மருந்து கிடையாது. கோடையில் தெருவையே காலி செய்துவிட்டுப் போகும். ஆறு மாதம் தீனி போட்டு வளர்த்த சேவலும், சிறுவாட்டுக்கு ஆதாரமான பெட்டைகளும் ஒரே வாரத்தில் மண்ணுக்குள் போவதைப் பார்க்கிற வீட்டில் பண்டிகைச் சந்தோஷம் எங்கிருந்து வரும்?

தடுப்பூசி ஒன்றே வழி. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் சொட்டு மருந்து. எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. தமிழக அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்திவருகிறது. வெண்டை விதை வாங்கும் அதே மாதம் என்று ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். கூடையோடு கோழிகளைத் தூக்கிக்கொண்டு போக வெட்கப்பட வேண்டாம்.

சாயம் போடலாம் வாருங்கள்!

சனிக்கிழமை மத்தியானம் குழந்தைகளுக்கு வேலை கொடுங்கள். சாயம் கடையில் வாங்க வேண்டாம். சின்ன வெங்காயத் தோல் இரண்டு கைப்பிடியை ஒரு லிட்டர் தண்ணீரில் இருபது நிமிஷம் கொதிக்க வைத்து, ஆறவைத்து வடிகட்டுங்கள். இரண்டு மேஜைக் கரண்டி வினிகர் சேருங்கள். அதில் முட்டைகளைப் போட்டுப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வேகவைத்தால் செம்மண் நிறம் பிடிக்கும். ஈரோட்டு மஞ்சள்தூள் மூன்று தேக்கரண்டி போட்டால் மஞ்சள் நிறம். பீட்ரூட் துண்டுகளில் ஊறவைத்தால் இளஞ்சிவப்பு.

இன்னும் அழகு வேண்டுமா? பச்சை முட்டையின்மேல் ஒரு கொத்தமல்லி இலையை ஒட்டி, பழைய மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டி, வெங்காயச் சாயத்தில் வேகவையுங்கள். அவிழ்த்தால் இலை இருந்த இடம் மட்டும் வெளுத்து, கோலம் போட்டதுபோல் இருக்கும். உலர்ந்ததும் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும். அடுத்த நாள் மத்தியானத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். வெளியில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைப் பந்தி

பெரிய வெள்ளியன்று கோயிலில் ஊற்றிய கஞ்சியோடு இருந்த வயிறு. சனி நள்ளிரவுப் பூசை முடிந்தோ, விடியற்காலை ஆராதனை முடிந்தோ வீடு திரும்புகிறவர்களுக்குப் பசி எப்படி இருக்கும்!

காலைக்குச் சந்தகை. ஊறிய புழுங்கலரிசியை நைசாக அரைத்து, இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுமுன் அச்சில் பிழிய வேண்டும். வெல்லமும் ஏலக்காயும் சேர்த்த தேங்காய்ப்பாலை ஊற்றிக் கொடுத்தால் பாட்டி முதல் பேரன் வரை சாப்பிடலாம். பக்கத்தில் சாயம் போட்ட முட்டை ஆளுக்கு ஒன்று.

மத்தியானத்துக்கு நாட்டுக்கோழிக் குழம்பு. மஞ்சள் தடவித் தீயில் வாட்டிய கோழிக்குத் தனி மணம். கொத்தமல்லி விதை, மிளகு, சீரகம், மிளகாய், சின்ன வெங்காயம் வதக்கி அரைத்து, கடைசியில் தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றுங்கள். நாட்டுக்கோழி அவசரத்துக்கு வேகாது. கோயிலுக்குப் போகுமுன்பே வேலையைப் பங்கு பிரித்துவிடுங்கள். கத்தரிக்காய்–முருங்கைக்காய்ச் சாம்பார், வெண்டைக்காய்ப் பொரியல், வெள்ளரித் தயிர்ப் பச்சடி – எல்லாம் பொடக்காலி உபயம்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆறு மாதம் கையில் தீனி வைத்து வளர்த்த சேவலுக்குக் குழந்தைகள் பேர் வைத்துவிட்டார்கள் என்றால் பண்டிகையன்று வீட்டில் அழுகைதான். அதைச் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். சேவலை விட்டுவிட்டு முட்டைக் குழம்பு வைத்தாலும் ஈஸ்டர் ஈஸ்டர்தான். முருங்கைக் கீரையில் இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினால் அதற்கு ஈடு ஏது?

தட்டுகளை அக்கம்பக்கத்துக்கு அனுப்பும்போதும் கொஞ்சம் யோசனை வேண்டும். முட்டை தொடாத வீட்டுக்கு ஒரு கட்டுக் கீரையும் நாலு முருங்கைக்காயும், புதுப் பாத்திரத்தில் காய்ச்சிய தேங்காய்ப்பால் பாயசமும் போகட்டும். சித்திரைப் பிறப்பன்று அவர்கள் வீட்டு மாங்காய்ப் பச்சடி திரும்பி வரும்.

திங்கட்கிழமை காலையில் மிச்சச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டுவிட்டு, முற்றிய வெண்டையில் இரண்டை விதைக்கு விடுங்கள். புதுக் குஞ்சுகளைப் பருந்துக்கும் பூனைக்கும் எட்டாமல் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து மூடுங்கள். ஏழாம் நாள் சொட்டு மருந்துத் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்க மறந்துவிடாதீர்கள்!